குழாய்த் தண்ணீருக்கும் வாதம்

ஒரே ஒரு நல்ல ஆள் கிடைத்தால் போதும், நான் டாக்டராகிவிடுவேன்.

நல்ல ஆள் என்றால் குணத்தில் அல்ல. பொய் பேசட்டும், புறம் பேசட்டும், இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தராமல் இருக்கட்டும். இரத்தம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். இவ்வளவு பெரிய கட்டடத்தில் அப்படி ஒரு ஜீவன்கூடவா இருக்காது?

லிஃப்டில் நின்றபடி அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்தது மனசுக்குள்தான் என்றாலும் கண் என்னவோ எதிரே நின்றிருந்த எலக்ட்ரீஷியனின் முழங்கை மடிப்பிலேயே இருந்தது. நல்ல தடித்த நரம்பு. முதல் குத்திலேயே வரும். அவர் அவள் பார்வை போகிற இடத்தைப் பார்த்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

“நான் போன வாரமே குடுத்துட்டேங்க,” என்றார். “மஞ்சளாப் போச்சுன்னு சொன்னீங்க. அதுலேர்ந்து வீட்ல மீனே வாங்கறதில்ல.”

“அப்படியா,” என்று சொல்லிவிட்டு, தன் மாடி வருவதற்கு முந்திய மாடியிலேயே அவள் இறங்கிக்கொண்டாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவள்தான் மூத்த மாணவி. மூத்த என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் இப்போது பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கின்றன. அவள் கால நீட்டிப்பு கேட்டுக் கேட்டு, அலுவலகத்தில் அவள் தலை தெரிந்தாலே விண்ணப்பத்தை எடுத்து நீட்டும் அளவுக்கு ஆகிவிட்டது. இந்த முறை கொடுக்கும்போதே இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று ஆய்வை விளக்கித் தேறினால் பட்டம். இல்லையென்றால் பதிவே ரத்து. இத்தனை வருஷமும் கணக்கில் வராது.

அவளுக்கு அந்தப் பட்டம் வேண்டும். அறிவுக்காக, உலக நன்மைக்காக என்றெல்லாம் மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது அவள் அவ்வளவு தூரம் போவதில்லை. குளித்து முடித்ததும் ஆவி படிந்த கண்ணாடியில் தன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று விரலால் எழுதிப் பார்ப்பாள். கணவன் கதவைத் தட்டுவதற்குள் உள்ளங்கையால் அழித்துவிடுவாள். நாற்பதை நெருங்குகிற பெண் செய்கிற காரியமா இது என்று கூச்சமாக இருக்கும். மறுநாளும் எழுதுவாள்.

அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரு என்சைமை. சாந்தின் ஆக்சிடேஸ் என்று பெயர். உடம்பிலும், மீன், ஈரல் போன்ற உணவிலும் இருக்கும் பியூரின் என்ற பொருள் பழசாகிக் கழியும்போது, கடைசிக் கட்டத்தில் அதை யூரிக் அமிலமாக மாற்றுவது இதன் வேலை. யூரிக் அமிலம் அளவோடு இருந்தால் சிறுநீரோடு போய்விடும். மிஞ்சினால் ஊசி ஊசியாக உறைந்து மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது விரும்பி உட்காரும் இடம் காலின் பெருவிரல். அந்த வலிக்குத்தான் வாதம் என்று பெயர்.

அவளுடைய பேராசிரியருக்கு இது படித்துத் தெரிந்தது பாதி, பட்டுத் தெரிந்தது பாதி. ஒரு காலில் பளபளக்கும் ஷூவும் மறுகாலில் ரப்பர் செருப்புமாகத்தான் அவர் வருவார். போர்வை நுனி பட்டாலே உயிர் போகிற வலி. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவருக்குப் பெயர் பெருவிரல். “பெருவிரல் வந்தாச்சா?” என்பார்கள். “வந்தாச்சு. இன்னிக்கு செவந்திருக்கு, கிட்டப் போகாதீங்க.”

என்சைமைப் பிடிக்க அவர்களிடம் இருந்த வலை ஒரு முயலின் இரத்தத்திலிருந்து வந்தது. சுத்தம் செய்த என்சைமை முயலுக்கு ஊசியில் போட்டால், முயலின் உடம்பு யாரோ அந்நியன் உள்ளே வந்துவிட்டான் என்று கண்டுகொண்டு, அவனைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்கும். ஒரே வகையல்ல, பல வகை. அந்தக் கலவைக்குப் பாலிகுளோனல் என்று பெயர். அவளுக்கு அடுத்த மாணவி ஒருத்தி இருந்தாள். ஓயாமல் பேசுவதால் எல்லாருக்கும் அவள் மைனா. மைனாவுக்கு இதைப் புரியவைக்க, அவள் ஒருமுறை தன் புகுந்த வீட்டையே உதாரணம் காட்டினாள்.

“மோனோகுளோனல்னா தனிக்குடித்தனம். வாசல்ல ஒரே ஆள். வந்தவனோட மூக்கை மட்டும் அடையாளம் வச்சிருப்பார். மூக்கு நசுங்கிப்போய் வந்தா யாரோன்னு கதவைச் சாத்திடுவார். பாலிகுளோனல்னா கூட்டுக்குடும்பம். மாமியார் மூக்கைப் பாப்பாங்க, நாத்தனார் நடையைப் பாப்பாங்க, ஓரகத்தி காதுல கெடக்கறதைப் பாப்பாங்க. முக்காடு போட்டுக்கிட்டு வந்தாலும் யாராவது ஒருத்தர் புடிச்சிருவாங்க.”

“தப்பான ஆளையும் புடிச்சிருவாங்களே, அக்கா.”

“அதுவும் உண்டு.”

சோதனை ஒன்றும் கம்பசூத்திரமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகக் குழிகள். குழியில் இரத்தத்தின் தெளிவை விட்டால் அதிலுள்ளவை சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது போக மிச்சம் கிடக்கும் வெற்றுச் சுவரைப் பால்பவுடர் கரைத்த நீரால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் ஆன்டிபாடி வெறும் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றும். பால் மூடியபின் முயலின் ஆன்டிபாடி. அதற்குப் பின் முயலைக் காட்டிக்கொடுத்து நிறம் வரவைக்கும் மருந்துகள். என்சைம் இருக்கும் குழி மஞ்சளாகும். இல்லாத குழி தண்ணீராகவே நிற்கும்.

இரத்தம் விட்ட குழி எல்லாமே மஞ்சளாகியது.

நோயாளிகளின் இரத்தம் மஞ்சளானபோது பேராசிரியர் மேசையைத் தட்டி மகிழ்ந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டுமே என்று அவள் மைனாவின் கையைப் பிடித்தாள். மஞ்சள். காவலாளி, மஞ்சள். நூலகர், மஞ்சள். கணவன், மஞ்சள். மாமியார், நல்ல எலுமிச்சை மஞ்சள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். பேராசிரியர் சந்தோஷப்பட்டார்.

“மறைஞ்சிருக்கிற வாதம்மா இது,” என்றார், காலை ஸ்டூலின் மேல் பூப்போல எடுத்து வைத்துக்கொண்டு. “எல்லார் உடம்புலயும் இருக்கு. எனக்கு வெளிய வந்திருச்சு, அவங்களுக்கு உள்ளயே உக்காந்திருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

இந்தக் கொள்கை கட்டடம் முழுக்கப் பரவ நாளாகவில்லை. காவலாளி லேசாக நொண்ட ஆரம்பித்தார். நூலகர் படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார். கேன்டீனில் ஈரல் சீந்துவாரில்லாமல் கிடந்தது. பேராசிரியர் நடைவழியில் எல்லாரையும் நிறுத்தி நிறுத்தி நலம் விசாரித்தார். அவ்வளவு கலகலப்பாக அவரை அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் மஞ்சள் என்றால் மஞ்சளுக்கு என்ன அர்த்தம்? கேட்டபோது அவர் தட்டின் ஓர வரிசையைக் காட்டினார்.

“பிளாங்க்கைப் பாரு. கண்ணாடி மாதிரி நிக்குது. சோதனை தப்புன்னா அது மட்டும் எப்படிம்மா சுத்தமா இருக்கும்?”

பிளாங்க் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடும் வெற்றுக்குழி. வெற்றுக்குழி என்றால் அது வெற்றுக்குழியாகவே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதில் இரத்தமும் கிடையாது, பாலும் கிடையாது, முயலும் கிடையாது. வெறும் உப்புநீர் மட்டும். சேர்ந்த புதிதில் அவர் சொல்லிக்கொடுத்தது. அவள் கேள்வி கேட்காமல் செய்தாள். மைனாவுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். மைனா எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவள், இதைக் கேட்கவில்லை.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. மாமியாருக்கு நெடுநாளாக முட்டிவலி. டாக்டர் ‘வயசு’ என்றார். மகன் ‘வெயிட்’ என்றான். மகள் போனில் ‘எல்லாம் உன் நெனப்பு’ என்றாள். தன் குழி மஞ்சளான செய்தியைக் கேட்ட அன்று மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எப்படி மஞ்சள்?”

“நல்ல மஞ்சள், அத்தை.”

“உன் புருஷனோடதைவிடவா?”

“அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்திதான்.”

“கேட்டுக்கோ,” என்று மகன் பக்கம் திரும்பினார். “நடிக்கறேன்னு சொன்னியே.”

அதோடு வலியைப் பற்றிப் புலம்புவதையே அவர் நிறுத்திவிட்டார். அத்தாட்சி கையில் இருப்பவர் எதற்குப் புலம்ப வேண்டும்? போனில் மகளிடம் ‘என்சைம்’ என்ற சொல்லை, வேலைக்குப் போன பிள்ளையின் பதவியைச் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னார். எழுந்திருக்கும்போது வலித்தால்கூட லேசாகப் புன்னகைத்தார். மருமகளின் படிப்பால் வீட்டுக்கு விளைந்த முதல் நன்மை என்று கணவன் அதைச் சொன்னான்.

லிஃப்டில் எலக்ட்ரீஷியனிடம் தப்பி வந்த அன்று, ஆய்வுக்கூடத்தில் மைனா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மனுஷங்க ரத்தம் எல்லாம் தீந்துபோச்சு, அக்கா. இனி யாரைப் புடிக்கப் போறீங்க?”

“இதோ, இந்தக் குழாயை,” என்றாள் அவள் எரிச்சலாக.

சொன்னது விளையாட்டுக்கு. சொன்னபின் அந்தக் குழாயைப் பார்த்தாள். அது சொட்டிக்கொண்டிருந்தது. மீன் தின்னாதது, ஈரல் தின்னாதது, மூட்டே இல்லாதது. இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்? ஒரு குழியில் இரத்தத்துக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை விட்டாள். மற்றதெல்லாம் வழக்கம்போலச் செய்தாள். பால், முயல், நிறம்.

தண்ணீர் மஞ்சளாகியது.

“அக்கா,” என்றாள் மைனா, வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி. “குழாய்க்கும் வாதம் வந்திருச்சா?”

கை சுத்தமில்லை என்று நினைத்து அவள் மறுபடி செய்தாள். அப்போதும் மஞ்சள். வடித்த தண்ணீரை விட்டாள். அதற்கும் வாதம். ஒன்றுமே விடாமல், பாலும் முயலும் மட்டும் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லாததற்கும் வாதம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மைனா பயந்துபோய் டீ போடப் போனாள்.

ஆய்வுக்கூடத்தில் பால்பவுடர் டப்பா ஒன்றுதான். அதன்மேல் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று பேராசிரியர் எழுதி ஒட்டியிருந்தார். அதன் கீழே மைனா ‘ஆய்வாளர்களுக்கும்’ என்று பொடி எழுத்தில் சேர்த்திருந்தாள்.

“பால் ரெண்டு ஸ்பூனா, மூணா?”

பால் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குத் தன் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் முழுக்க அவள்மேல் புளித்த வாடை அடித்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போனார்கள். அப்போது அவள் வேலை முயலுக்குப் போடவேண்டிய என்சைமைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது. எதிலிருந்து பிரித்தாள்? சாந்தின் ஆக்சிடேஸ் நிறையக் கிடைக்கும் பொருள் என்று பாடப் புத்தகமே சொல்லும் ஒன்றிலிருந்து. குடம் குடமாக வாங்கி, கடைந்து, ஆடையெடுத்து, வடிகட்டி.

பசும்பாலிலிருந்து.

பாலில் இருக்கும் என்சைமைப் பிடி என்று முயலைப் பழக்கியிருக்கிறாள். பழக்கிவிட்டு, ஒவ்வொரு குழியையும் அதே பாலால் மெழுகியிருக்கிறாள். மெழுகியபின் அந்த ஆன்டிபாடிகளை உள்ளே விட்டு, பாவம், அவை கடமை தவறாமல் பிடித்ததை மனிதர்களின் நோய் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பால் பவுடராகும்போது சூட்டில் என்சைம் மூக்கு முழி தெரியாமல் நசுங்கித்தான் போயிருக்கும். தனிக்குடித்தனமாக இருந்தால் விட்டிருக்கும். இது கூட்டுக்குடும்பமாயிற்றே. யாரோ ஒரு ஓரகத்தி காதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். வெற்றுக்குழியோ பாலே படாமல், முயலே பார்க்காமல், ஊரிலேயே இல்லாத ஆள் சாட்சி சொல்வதுபோலச் சுத்தமாக நின்றிருக்கிறது.

“எனக்குப் பால் வேண்டாம்,” என்றாள்.

மறுநாள் பாலுக்குப் பதிலாக முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைக் கரைத்துக் குழிகளை மூடினாள். வெற்றுக்குழியிலும் வெள்ளைக்கருவும் முயலும் போட்டாள். எலியின் ஈரல் சாறு இட்ட குழி மஞ்சளாகியது. அங்கே என்சைம் நிஜமாகவே உண்டு. பால் விட்ட குழி கண்ணைப் பறிக்கும் மஞ்சளாகியது. காவலாளி, நூலகர், கணவன், மாமியார், மைனா, எலக்ட்ரீஷியன், குழாய், எல்லாரும் தெளிந்த நீராக நின்றார்கள். நோயாளிகளும் அப்படியே. பேராசிரியரின் குழியும். இந்த என்சைமின் வாசம் ஈரலிலும் குடலிலும்தான். இரத்தத்தில் அது உலா வருவது அபூர்வம். அவருக்கு யூரிக் அமிலம் ஏறியிருப்பது உண்மைதான், மருத்துவமனைச் சோதனை அதைச் சொல்கிறது. இந்தத் தட்டு அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, எப்போதுமே சொன்னதில்லை.

கடைசியில் அவளுக்கு நல்ல ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், ஒரு கட்டடம் நிறைய. சிரிப்பு வந்தது. மைனாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின் மைனாதான் சொன்னாள்.

“அக்கா, அந்த கரண்ட் அண்ணன் காலையிலேர்ந்து கீழ டாக்டர் ரூம் வாசல்ல நிக்கறார். வாதத்துக்கு மாத்திரை எழுதிக் கேக்கறாராம்.”

அவள் படியிறங்கி ஓடினாள். வரிசையில் எலக்ட்ரீஷியன் டோக்கனோடு நின்றார். தனியே கூப்பிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை, தப்பு என் தட்டில் என்றாள். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

“அப்ப மீன் வாங்கலாமா?”

“தாராளமா வாங்குங்க.”

“இத்தன நாள் வாங்காம இருந்தோமே, அதுக்கு?”

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. டோக்கனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் கணவனிடம் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, கூடத்தில் மாமியார் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தான்.

“யாருக்கு வேணா சொல்லு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

“ஏன்?”

“ஏனா? அந்த மஞ்சள் வந்தப்புறம்தான் இந்த வீட்ல மனுஷன் நிம்மதியா சாப்பிடறான். அதைப் புடுங்கிட்டு என்ன குடுக்கப் போற?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவு. கெட்ட எண்ணத்தோடு யாராவது ஏதாவது கேட்டால் மறுப்பது சுலபம்.

“என்ன குசுகுசுன்னு?” என்று மாமியாரே உள்ளே வந்துவிட்டார். கணவன் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் சொன்னாள். முயல், பால், தண்ணீர் எல்லாம். மாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப என் முட்டி?”

“வலி நிஜம்தான், அத்தை. என் தட்டுதான் பொய்.”

“வலி நிஜம்னு எந்தத் தட்டுல பாத்த?”

“எந்தத் தட்டுலயும் பாக்கல. நீங்க படியேறும்போது உங்க முகத்தைப் பாத்திருக்கேன்.”

மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டார். “சொல்லாமயே இருந்திருக்கலாம் நீ,” என்றார் பிறகு. கோபமாக இல்லை, ஒரு யோசனைபோல. இரவுச் சாப்பாட்டின்போது வழக்கமான புலம்பல் திரும்பி வந்துவிட்டது. கணவன் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு முழுப் பிரசங்கம் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அவளுக்குள் வழக்கு நடந்தது. இரண்டு தரப்புக்கும் அவளே வக்கீல். என்ன கெட்டுப்போயிற்று, சிலர் மீன் தின்னவில்லை, அவ்வளவுதானே என்றாள் ஒருத்தி. மாத்திரைக்கு வரிசையில் நின்றவர் என்றாள் இன்னொருத்தி. அவரிடம்தான் சொல்லியாயிற்றே, பட்டத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் உண்மை பேசேன், டாக்டர் பேசினால் உண்மைக்குக் கூடுதல் மதிப்புத்தானே என்றாள் முதல் வக்கீல். அவள் பேச்சு நன்றாக இருந்தது. அவளுக்கு எப்போதுமே பேச்சு நன்றாக வரும், அதனால்தான் அவளுக்குத் தன்மேலேயே பயம்.

பேராசிரியரின் அறையில் கால் ஸ்டூலின் மேல் இருந்தது. விரல்மேல் பனிக்கட்டிப் பை. அவருடைய கணினித் திரையில் அவள் மாதக் கடைசியில் தேர்வாளர்களுக்குக் காட்ட வேண்டிய படங்கள் திறந்திருந்தன. நடுவில் அந்தப் பழைய தட்டு, வெயில் விழுந்த மாதிரி மஞ்சள் மஞ்சளாக.

“சார், தண்ணியும் மஞ்சளாகுது.”

“எந்தத் தண்ணி?”

“குழாய்த் தண்ணி.”

“நம்ம குழாய் சுத்தமில்லம்மா.”

“வடிச்ச தண்ணியும்தான்.”

“வடிக்கிற பாத்திரத்தை யாரு கழுவறா? மைனாவா?”

“பால்தான் சார் காரணம்,” என்றாள். “முயலுக்குப் போட்டதே பால்லேர்ந்து எடுத்ததுதான்.”

அவர் முட்டாளல்ல. அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அவர் முகத்தில் அது மேலிருந்து கீழாக இறங்குவதை அவள் பார்த்தாள். முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு வாய். புதிய தட்டின் படத்தை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யாருக்குமே இல்லியா?”

“இல்ல சார்.”

“காவலாளிக்கு?”

“இல்ல சார்.”

“அவர் நொண்டறாரேம்மா.”

“நாம சொன்னதாலதான் நொண்டறார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் விரலைப் பார்த்தார். “அப்ப எனக்கு மட்டும்தானா,” என்றார்.

இத்தனை நாளும் அவர் தேடியது பெயரையோ புகழையோ என்று அவள் நினைத்திருந்தாள். துணையைத் தேடியிருக்கிறார். கட்டடம் முழுக்கத் தன்னோடு சேர்ந்து நொண்டவேண்டும் என்ற ஆசை. போர்வை நுனியைப் பார்த்துத் தனியாகப் பயப்படுகிற ஒருவருக்கு அது பெரிய ஆசையில்லை.

“உக்காரும்மா,” என்றார். குரல் பழையபடி ஆகியிருந்தது. “நான் பொய் சொல்லச் சொல்லல. அது எனக்கும் புடிக்காது. தண்ணியப் பத்திக் கேட்டா சொல்லிடு. ஆனா கேக்க மாட்டாங்க. குழாய்த் தண்ணிக்கு வாதம் உண்டான்னு உலகத்துல எந்தத் தேர்வாளரும் கேட்டதில்ல.”

அது உண்மைதான்.

“பழைய படத்தக் காட்டு. பட்டத்த வாங்கு. பால் விஷயத்த அப்புறம் நிதானமா ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம். நல்லாவே எழுதுவோம். இப்ப இத எடுத்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். பதிவு போச்சுன்னா போச்சு. மறுபடி மொதல்லேர்ந்து வரணும். உனக்காகத்தாம்மா சொல்றேன்.”

அவளுக்காகத்தான் சொன்னார். அவருக்காகவும் சொன்னார். இரண்டையும் பிரித்தெடுக்க எந்த முயலாலும் முடியாது.

திரையிலிருந்த படத்தை அவள் பார்த்தாள். அழகான படம். அதன் அருகே நின்று, குச்சியால் ஒரு குழியைத் தொட்டுக் காட்டுவதாக நினைத்துப் பார்த்தாள். சேலையின் நிறம்கூட மனதில் வந்துவிட்டது. தேர்வாளர்கள் தலையாட்டினார்கள். அவள் வாயைத் திறந்தாள். இங்கே நீங்கள் பார்ப்பது, என்று தொடங்க வேண்டும். தொடங்கினாள். இங்கே நீங்கள் பார்ப்பது. அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அங்கேயே நின்றது. தைரியம், நேர்மை என்றெல்லாம் தன்னிடம் இருப்பதாக அவள் என்றும் நம்பியதில்லை. இப்போதும் அவை வந்து உதவியதாகத் தெரியவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின்பாதி இல்லை, அவ்வளவுதான்.

பனிக்கட்டிப் பை உருகி அவர் காலிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை எடுத்தாள். அறையின் மூலையிலிருந்த குளிர்பெட்டியைத் திறந்து, புதுப் பனிக்கட்டி நிரப்பி, பையைத் துணியில் சுற்றி, விரல் மேல் கனம் விழாமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். அவர் பல்லைக் கடித்தார், பிறகு மூச்சை விட்டார்.

“அப்ப பழைய படமே இருக்கட்டும், என்ன?”

“அந்தப் படத்த நான் காட்டல, சார்,” என்றாள்.